பழைய ஆர்கேட் மானிட்டரைப் பழுதுபார்த்தல்: வெல்ஸ்-கார்ட்னர் கே7000 முழுமையான வழிகாட்டி

காசு போட்டு விளையாடும் ஆர்கேட் கேபினட்டுகளில் 1980-களின் நடுவிலிருந்து 1990-கள் வரை மிகப் பரவலாக இருந்த கலர் மானிட்டர்களில் ஒன்று, அமெரிக்காவின் வெல்ஸ்-கார்ட்னர் நிறுவனம் செய்த கே7000 வரிசை. 19 அங்குலத்திலும் 25 அங்குலத்திலும் வந்தது. சுற்று எளிமையானது, பாகங்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்து கலர் டி.வி.யில் இருந்தவையே. எஸ்டிஆர் ரெகுலேட்டரும் (வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் பாகம்) எல்ஏ7830 ஐசியும் கழற்றி மாட்டிப் பழகிய டி.வி. மெக்கானிக்குக் கே7000 சேசிஸ் (ட்யூபை ஓட்டும் சுற்றுப் பலகை) அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

புதிதாகக் கையில் எடுப்பவர் எரிந்த பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு ஸ்விட்சைப் போடுகிறார்; புதிய பாகமும் அடுத்த நொடியில் போய்விடுகிறது. லைன் டிரான்சிஸ்டர் (படத்தின் கிடைக்கோடுகளை ஓட்டும் பெரிய டிரான்சிஸ்டர்) தானாகச் சாவது அரிது. எல்ஓடியோ (ட்யூபுக்கான உயர் வோல்ட்டேஜைத் தயாரிக்கும் லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்) ரெகுலேட்டரோ காய்ந்த கெபாசிட்டரோ அதைக் கொன்றிருக்கும். அதனால் முதலில் மின்சாரம், அடுத்து பி-பிளஸ் (ரெகுலேட்டர் தரும் முக்கிய டிசி வோல்ட்டேஜ்), பிறகு லைன் பகுதி, பிறகு வெர்டிகல் (படத்தை மேலிருந்து கீழாக விரிக்கும் பகுதி), கடைசியில் வீடியோ என்ற வரிசையில் போங்கள். ஒரு படி சரியாகாமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

முதலில் பாதுகாப்பு

பிக்சர் ட்யூபின் அனோடில் (உயர் வோல்ட்டேஜ் நுழையும் முனை) 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கண்ணாடியே ஒரு கெபாசிட்டராக வேலை செய்வதால், பிளக்கைப் பிடுங்கிப் பல நாள் ஆன பிறகும் அதில் மின்னேற்றம் நிற்கலாம். சேசிஸின் முதன்மை ஃபில்ட்டர் கெபாசிட்டரிலும் 160 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். மனித உடலுக்கு இந்த இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அதன் பின்னால் அதிகக் கரன்ட் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் செய்யும் முறை:

1. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.
2. நல்ல இன்சுலேஷன் உள்ள நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டில் க்ரோகடைல் கிளிப் வயரின் ஒரு முனையை மாட்டுங்கள். மறுமுனையை, ட்யூபின் பின்புறம் சுற்றிப் போகும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். பலர் சேசிஸ் போர்டின் கிரவுண்டில் மாட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் பாயும் மின்சாரம் ஐசிக்கள் வழியே போய் அவற்றைக் கெடுத்துவிடலாம்.
3. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால் ஸ்க்ரூடிரைவரை அனோட் ரப்பர் மூடிக்குள் நுழைத்து உலோகக் கொக்கியைத் தொடுங்கள். 'டப்' என்று சத்தம் வரலாம், வராமலும் இருக்கலாம்.
4. பத்து நிமிடம் விட்டு மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். முதல் டிஸ்சார்ஜுக்குப் பிறகும் கண்ணாடியில் சிறிது மின்னேற்றம் மேலெழும்பி வரும்.
5. முதன்மை ஃபில்ட்டரின் இரு கால்களுக்கிடையே மீட்டரை வையுங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் குறுக்கே சில நொடிகள் பிடித்து இறக்குங்கள்.

ட்யூபின் கழுத்துக் கண்ணாடி மிக மெல்லியது. நெக் போர்டை (கழுத்தின் முனையில் மாட்டிய சிறு போர்டு) ஆட்டி ஆட்டிப் பிடுங்காமல் பின்பக்கமாக நேராக இழுங்கள். கழுத்து உடைந்தால் காற்று புகுந்து ட்யூப் அத்தோடு முடிந்தது. அதை மீட்க வழியில்லை. கனமான ட்யூபைத் தூக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்வதும் அவசியம்.

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஊரில் ஓட்டுவது

கே7000 அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்காக வடிவமைக்கப்பட்டது. அதற்குள் மின்சாரத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வரும் ஏசி நேராக பிரிட்ஜ் டையோடுகளுக்குப் போகிறது. ஆகவே வெளியே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தே ஆகவேண்டும். கேபினட்டின் அடியில் முன்பு அது இருந்திருக்கும். சேசிஸை மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது மறந்துவிடுவதால்தான் பலர் போர்டை எரிக்கிறார்கள். கேம் போர்டின் கிரவுண்டும் மானிட்டரின் கிரவுண்டும் வீடியோ வயர் வழியே இணைந்திருப்பதால், ஐசொலேஷன் இல்லாமல் மாட்டினால் இரண்டும் சேர்ந்து போகும்.

கடைகளில் "அமெரிக்க சாமான்களுக்கு" என்று விற்கும் ஸ்டெப்-டவுன் கன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஒரே சுற்றில் நடுவில் டேப் எடுத்தது. அதில் ஐசொலேஷன் துளியும் இல்லை. வாங்குமுன் ஓம் மீட்டரை உள்ளீட்டுப் பின்னுக்கும் வெளியீட்டு சாக்கெட்டுக்கும் இடையே வையுங்கள். எந்தச் சேர்க்கையில் கன்டின்யூட்டி வந்தாலும் அது இந்த வேலைக்கு ஆகாது. 19 அங்குலத்துக்கு 230-க்கு 115 வோல்ட், தனித்தனிச் சுற்று, 200 விஏ என்று டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவரிடம் கேளுங்கள்.

கேபினட்டோடு வந்த 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மரை ஸ்டெப்-டவுன் போட்டு 50 ஹெர்ட்ஸில் ஓட்டலாமா? ஓடும், ஆனால் சூடாகும். அதிர்வெண் குறையும்போது இரும்பு அதே அளவில் அதிக காந்தப்புலத்தைத் தாங்கவேண்டியிருக்கிறது; 60-லிருந்து 50-க்கு வந்தால் அது 20 விழுக்காடு கூடுகிறது. அதே சூட்டில் வைக்கவேண்டுமானால் 120-க்குப் பதில் 100 வோல்ட்தான் கொடுக்கவேண்டும். அப்போது மானிட்டருக்கும் குறைந்துவிடும். புதிய 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்தான் சரியான வழி.

ஃபில்ட்டர் கெபாசிட்டர் காய்ந்தால் தெரியும் அறிகுறியும் இங்கே வேறு. 60 ஹெர்ட்ஸ் நாட்டில் படத்தில் ஒரு பட்டை மெதுவாக மேலே ஊர்ந்து போகும். இங்கே 50 ஹெர்ட்ஸ் ஏசியைப் பிரிட்ஜ் திருத்தியபின் வரும் அலை 100 ஹெர்ட்ஸ்; கேம் படமோ சுமார் 60 ஹெர்ட்ஸ். இரண்டும் மோதுவதால் படத்தின் ஓரங்கள் நொடிக்கு 20 முறையளவு வேகமாக நடுங்கும். அமெரிக்கக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஊரும் பட்டையைத் தேடுபவர்கள், இந்த நடுக்கத்தைப் பார்த்து ஒத்திசைவுக் கோளாறு என்று தவறாக எண்ணிவிடுகிறார்கள்.

மேசைக்கு வேண்டியவை

டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், 350 டிகிரியில் வைக்கக்கூடிய சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், செம்புப் பின்னல் விக், சால்டரிங் பேஸ்ட், ஹீட்சிங்க் பேஸ்ட், மைகா ஷீட். முடிந்தால் ஈஎஸ்ஆர் மீட்டரும் (கெபாசிட்டரின் உள் தடையை அளப்பது), எல்ஓடி சோதிக்கும் ரிங் டெஸ்டரும். பழைய குண்டு பல்பு இரண்டு, 100 வாட், 230 வோல்ட். இந்தப் பல்புகளைத் தேடி வாங்கி வையுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது.

ஒரு பல்பு சீரிஸ் போர்டுக்கு. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கத்தில் தொடராகப் போடுங்கள். மானிட்டரில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பாகங்கள் பிழைக்கும். ஆனால் டீகாஸ் காயிலின் (திரையில் படிந்த காந்தத்தை நீக்கும் கம்பிச்சுற்று) பிளக்கை முதலில் கழற்றிவிடவேண்டும். ஸ்விட்ச் போட்டதும் அது ஓரிரு நொடி பெரிய கரன்ட் இழுப்பதால், ஷார்ட் இல்லாமலேயே பல்பு பளிச்சென்று எரிந்து குழப்பும். இன்னொரு பல்பு பி-பிளஸ் சோதனைக்கு.

சேசிஸை வெளியே எடுத்தல்

எதையும் கழற்றுமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஏசி பிளக், யோக் (ட்யூபின் கழுத்தில் கதிரைத் திசைதிருப்பும் கம்பிச்சுற்று) பிளக், டீகாஸ் பிளக், வீடியோ பிளக், தனியே ரிமோட் போர்டு (படத்தைச் சரிசெய்யும் திருகுகள் உள்ள சிறு போர்டு) இருந்தால் அதன் வயர், நெக் போர்டு, அனோட் மூடி, கடைசியில் நெக் போர்டிலிருந்து ட்யூபின் பின்னலுக்குப் போகும் கிரவுண்ட் வயர். இந்தக் கடைசி வயரைத் திரும்ப மாட்ட மறப்பதால் போகும் சேசிஸ்கள் ஏராளம். ட்யூபுக்குள் சிறு மின்பொறி தெறித்தால் அது கிரவுண்டுக்குப் போக வேறு வழியில்லாமல் வீடியோ டிரான்சிஸ்டர்கள் வழியே போர்டுக்குள் பாயும்.

போர்டை அடியிலிருந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எல்ஓடியின் கால்கள், லைன் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் கால்கள், யோக் பிளக்கின் பின்கள், ஹீட்சிங்கில் இருக்கும் பாகங்கள் ஆகியவற்றைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அது டிரை சால்டர். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சூட்டில் விரிந்து சுருங்கி ஈயம் விட்டுப்போயிருக்கும். பழைய ஈயத்தை முழுதும் எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலேயே கொஞ்சம் ஈயம் சேர்த்தால் சில வாரத்தில் மறுபடி விடும். கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தாலும் இந்த நான்கு இடங்களிலும் புது ஈயம் வைத்துவிடுவது நல்லது. தட்டினால் வந்து வந்து போகும் மானிட்டர்கள் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

பி-பிளஸ்

115 வோல்ட் ஏசி பிரிட்ஜைக் கடந்து ஃபில்ட்டரில் சுமார் 160 வோல்ட் டிசி ஆகிறது. அதை எஸ்டிஆர்30123 ரெகுலேட்டர் 123 வோல்ட்டாக இறக்குகிறது. பெயரின் கடைசி மூன்று இலக்கமே வோல்ட்டேஜ். 25 அங்குல சேசிஸில் எஸ்டிஆர்30130 இருந்தால் 130 வோல்ட் வரவேண்டும். இந்த ரெகுலேட்டரில் திருகிச் சரிசெய்யும் பிரிசெட் இல்லை. அளவு தவறினால் ரெகுலேட்டரோ அதைச் சுற்றிய பாகமோ கெட்டிருக்கிறது. 19 அங்குலத்துக்கு 30130 போட்டு "கொஞ்சம் கூடத்தானே" என்று விடாதீர்கள். அனோட் வோல்ட்டேஜ் அதே விகிதத்தில் ஏறும். எல்ஓடி ஆயுள் குறையும், எக்ஸ்ரே கசிவும் கூடும்.

ஃபியூஸ் போயிருந்தால், மின்சாரம் கொடுக்குமுன் ஓம் மீட்டரில் இவற்றைப் பாருங்கள். பிரிட்ஜின் நான்கு டையோடுகளும் ஒரு பக்கம் 0.5 வோல்ட்டளவு காட்டி மறுபக்கம் திறந்திருக்கவேண்டும். டீகாஸ் பகுதியின் போசிஸ்டர் (சூடானால் தடை கூடும் பாகம்) உடைந்து ஷார்ட் ஆகியிருக்கலாம். குலுக்கினால் உள்ளே சத்தம் வரும். பிறகு லைன் டிரான்சிஸ்டர் 2எஸ்டி1398. அதைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அளக்கவேண்டும். உள்ளேயே டேம்பர் டையோடு இருப்பதால், டையோடு நிலையில் சிவப்பு முனை எமிட்டரிலும் கறுப்பு முனை கலெக்டரிலும் வைத்தால் 0.5 வோல்ட்டளவு காட்டும். மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக்கூடாது. பேஸ்-எமிட்டர் இடையே சில பத்து ஓம் காட்டுவது இயல்பு. அதை ஷார்ட் என்று எண்ணி நல்ல டிரான்சிஸ்டரைத் தூக்கிப் போடவேண்டாம். கலெக்டர்-எமிட்டர் இரண்டு திசையிலும் பூச்சியம் காட்டினால்தான் போனது.

ஷார்ட் ஆகியிருந்தால் உடனே புதிதைப் போடாதீர்கள். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். பி-பிளஸ் புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இரண்டாவது 100 வாட் பல்பைக் கட்டுங்கள். 123 வோல்ட்டில் அது சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கும். லைன் பகுதியின் சுமைக்குக் கிட்டத்தட்ட ஈடு. சுமை இல்லாமல் அளந்தால் தவறான எண் கிடைக்கும்: ரெகுலேட்டரின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் இணைக்கும் பெரிய சிமென்ட் ரெசிஸ்டர் வழியே கரன்ட் கசிந்து வோல்ட்டேஜ் ஏறிக் காட்டும். பல்பு கட்டிய நிலையில்:

123 வோல்ட், ஒன்றிரண்டு கூடக்குறைய நிலையாக நின்றால் ரெகுலேட்டர் நல்லது.

150 - 160 வோல்ட் வந்தால் ரெகுலேட்டர் உள்ளே ஷார்ட். லைன் டிரான்சிஸ்டரைக் கொன்றது இதுவே. புதியதைப் போட்டிருந்தால் அதையும் கொன்றிருக்கும்.

பல்பு மங்கி 90-க்குக் கீழே நின்றால் ரெகுலேட்டர் திறந்துவிட்டது, சிமென்ட் ரெசிஸ்டர் வழியே மட்டும் வருகிறது. அல்லது ரெகுலேட்டரின் காலில் டிரை சால்டர்.

ஒன்றுமே இல்லையென்றால் ரெகுலேட்டரின் உள்ளீட்டில் 160 வருகிறதா என்று பின்னோக்கிப் போங்கள்.

ரெகுலேட்டரை மாற்றும்போது ஹீட்சிங்கில் ஒட்டியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது மெல்லப் பூசுங்கள். இப்போது சந்தையில் பழைய எஸ்டிஆர் என்று மறுஅச்சடித்தவையும் வருகின்றன. புதியதையும் அதே பல்பில் சோதித்த பிறகே மேலே போங்கள்.

லைன் பகுதி, எல்ஓடி

கே7000-இல் அதிகம் போகும் பெரிய பாகம் எல்ஓடி. உடலில் விரிசல், வெடித்த கொப்புளம், பக்கத்தில் கறுப்புத் தடம் ஆகியவை வெளிப்படையான அறிகுறி. உள்ளே சில சுற்றுகள் மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் வெளியே தெரியாது. ஓம் மீட்டரும் நல்லது என்றே சொல்லும். ரிங் டெஸ்டரை லைன் டிரான்சிஸ்டரின் கலெக்டர் புள்ளிக்கும் பி-பிளஸுக்கும் வைத்துப் பாருங்கள். எட்டு விளக்கில் நாலுக்கு மேல் எரிந்தால் நம்பலாம். குறைவாக எரிந்தால் யோக் பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள், ஏனென்றால் யோக்கில் உள்ள ஷார்ட்டும் இதே போல் காட்டும். அதன்பிறகும் குறைவென்றால் எல்ஓடியைப் போர்டிலிருந்து எடுத்துத் தனியே சோதியுங்கள்.

எல்ஓடி மாற்றும் முறை:

1. சேசிஸின் மாடல் எண்ணையும் எல்ஓடியின்மேல் அச்சிட்ட எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 19-க்கும் 25-க்கும் ஒன்றல்ல. டி.வி. கடையில் கால்கள் பொருந்துவதாகச் சொல்லிக் கொடுக்கும் வேறு எல்ஓடி உள்ளே வேறு சுற்று எண்ணிக்கை கொண்டது. பொருந்தும், ஓடாது.
2. நெக் போர்டின் சாக்கெட்டுக்குப் போகும் ஃபோகஸ் வயரும் ஸ்கிரீன் வயரும் எங்கே போகின்றன என்று படம் எடுங்கள். ஃபோகஸ் வயரின் முனை சாக்கெட்டின் தனி மூடிக்குள் இருக்கும். மூடியை நெம்பித் திறந்து ஈயத்தை உருக்கி எடுக்கவேண்டும், இழுத்து அறுக்கக்கூடாது.
3. எல்லாக் கால்களிலும் ஈயத்தைப் பம்ப்பால் உறிஞ்சி, எஞ்சியதை விக்கால் துடைத்து, ஒவ்வொரு காலும் துளையில் தளர்ந்து அசைவதை உறுதிசெய்த பிறகே தூக்குங்கள். இந்தப் போர்டுகள் ஒரு பக்கம் மட்டும் செம்பு உள்ளவை. வலுக்கட்டாயமாக இழுத்தால் செம்புத் தடம் பிய்ந்து கையோடு வரும்.
4. புதியதை முழுவதும் உட்காரவைத்து ஈயம் வையுங்கள். கால்களுக்கிடையே பேஸ்ட் எச்சம் நிற்காமல் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.
5. ட்யூபின் அனோட் துளையைச் சுற்றிய கண்ணாடியையும் அதே ஆல்கஹாலால் துடைத்து நன்கு காயவிடுங்கள். அந்தப் பழைய எண்ணெய்த் தூசி வழியேதான் மின்சாரம் கசிந்து 'சிர்ர்' என்று சத்தம் போடும்.
6. புது எல்ஓடியின் ஸ்கிரீன் பிரிசெட்டை முழுக்கக் குறைத்தும், ஃபோகஸை நடுவிலும் வைத்துவிடுங்கள்.

லைன் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் உள்ள ரிட்ரேஸ் கெபாசிட்டரைப் பலர் பார்ப்பதே இல்லை. 1,600 வோல்ட் தாங்கும் பாலிப்ரோபிலீன் வகை. அது திறந்துவிட்டால் அனோட் வோல்ட்டேஜ் தறிகெட்டு ஏறி, புது டிரான்சிஸ்டரும் புது எல்ஓடியும் சேர்ந்து போகும். கெபாசிட்டன்ஸ் மீட்டரில் அச்சிட்ட அளவிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தால் மாற்றுங்கள். சாதாரண மைலார் கெபாசிட்டரில் 1,600 என்று எழுதியிருந்தாலும் அதை இங்கே போடவேண்டாம். இந்த வேகத்துக்கு உள்ளே சூடாகி வெடிக்கும்.

லைன் டிரைவர் பகுதியின் சிறிய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் காய்ந்தால், டிரான்சிஸ்டருக்குப் போதுமான பேஸ் கரன்ட் கிடைக்காமல் அது அரைகுறையாகத் திறந்து மூடும். மானிட்டர் நன்றாக ஓடுவதுபோல் தெரியும். அரைமணியில் டிரான்சிஸ்டர் தொடமுடியாத சூடாகிச் சாகும். "ஒரு மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது" என்று வரும் சேசிஸில் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

புதிய 2எஸ்டி1398-ஐ மாட்டும்போது அதன் உலோக முதுகு கலெக்டரோடு இணைந்தது, ஓடும்போது ஆயிரம் வோல்ட் வரை துடிக்கும் புள்ளி. பழையது மைகாவோடு இருந்தால் மைகா கட்டாயம். ஸ்க்ரூவின் பிளாஸ்டிக் வளையமும் கட்டாயம். மாட்டியபின் கலெக்டருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே ஓம் மீட்டரில் திறந்திருக்கிறதா பாருங்கள். ஓடும்போது கலெக்டரில் சாதாரண மல்ட்டிமீட்டரை வைக்காதீர்கள், மீட்டர் போகும்.

கெபாசிட்டர் மாற்றுவது

முப்பது நாற்பது வருடம் ஆன சேசிஸில் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களை ஒன்றிரண்டு என்று பார்க்காமல் மொத்தமாக மாற்றுவதே அறிவு. அதற்கான கிட் விற்கிறார்கள். அல்லது போர்டைப் பார்த்துப் பட்டியல் எழுதி நீங்களே வாங்கலாம். 105 டிகிரி வகையாக வாங்குங்கள். வோல்ட்டேஜ் அச்சிட்டதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். 160 வோல்ட்டுக்கு 200, 250 பரவாயில்லை. மைக்ரோஃபாரட் அளவை மாற்றக்கூடாது. முதன்மை ஃபில்ட்டர் மட்டும் விதிவிலக்கு: 50 ஹெர்ட்ஸில் அது 8.3 மில்லி செகண்டுக்குப் பதில் 10 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கவேண்டியிருப்பதால், 20 விழுக்காடு கூடுதல் போட்டால் படம் இன்னும் உறுதியாக நிற்கும். இரட்டிப்பாக்கினால் ஆன் செய்யும் நொடியில் பிரிட்ஜ் டையோடுக்குச் சுமை.

ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள். எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தப் போனால் தவறு நிச்சயம். போர்டில் அச்சிட்ட பிளஸ் குறியை மட்டும் நம்பாமல், கழற்றும் கெபாசிட்டர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் செம்புத் தடத்தைப் பின்தொடர்ந்து முடிவு செய்யுங்கள். பிளஸ்-மைனஸ் குறி இல்லாத, இருபுறமும் ஒன்றான வகை இருந்தால் அதே வகையே வேண்டும். அங்கே சாதாரணக் கெபாசிட்டர் போட்டால் சூடாகி வெடிக்கும்.

வெர்டிகல்: நடுவில் ஒரே கோடு

திரை முழுக்கக் கறுத்து நடுவே ஒரு பளிச்சென்ற கிடைக்கோடு. பார்த்ததும் பிரைட்னஸைக் குறைத்துவிடுங்கள், இல்லையேல் அந்தக் கோடு பாஸ்பரில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

வெர்டிகல் அவுட்புட் எல்ஏ7830, ஏழு கால் ஐசி, ஹீட்சிங்கில் இருக்கும். அதன் சப்ளை எல்ஓடியிலிருந்து ஒரு டையோடு, ஒரு சிறு ஃபியூசிபிள் ரெசிஸ்டர் வழியே சுமார் 24 வோல்ட்டாக வருகிறது. முதலில் யோக் பிளக்கின் டிரை சால்டர். அடுத்து 24 வோல்ட் வருகிறதா? வரவில்லையென்றால் ரெசிஸ்டர் திறந்திருக்கும். ரெசிஸ்டர் போவதற்குப் பெரும்பாலும் ஐசியின் ஷார்ட்டே காரணம், ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்று ரெசிஸ்டர் அதே ஓம், அதே வாட், ஃபியூசிபிள் வகையாகவே இருக்கட்டும். கம்பித் துண்டு போட்டுச் சமாளித்தால் அடுத்த முறை எல்ஓடி சுற்றே எரியும்.

கோடாக இல்லாமல் படத்தின் மேல்பகுதி மடிந்து, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஐசி நல்லதாகவே இருக்கலாம். அதன் பம்ப்-அப் கெபாசிட்டர் (கதிர் மேலே திரும்பும் கணத்தில் வோல்ட்டேஜைக் கூட்டித் தருவது) காய்ந்திருக்கும். கெபாசிட்டர் வேலையை முடித்த பிறகும் மடிப்பு நின்றால் ஐசியை மாற்றுங்கள். படம் கீழிருந்து சுருங்கினாலும் இதே வழிமுறைதான்.

முதல் முறை ஆன் செய்வது

சேசிஸை ஃபிரேமில் மாட்டி, எல்லா வயரும், குறிப்பாக ட்யூப் பின்னலின் கிரவுண்டும் மாட்டியாயிற்றா என்று முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். யோக் மாட்டாமல் ஆன் செய்யக்கூடாது. டீகாஸ் பிளக் வெளியே, சீரிஸ் பல்பு போட்டபடி ஸ்விட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உடனே அணைத்து, லைன் டிரான்சிஸ்டருக்குத் திரும்புங்கள்.

மங்கிய பிறகு சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு நேராக ஆன் செய்யுங்கள். பி-பிளஸ் 123. ட்யூபின் கழுத்தில் ஆரஞ்சு நிற ஹீட்டர் வெளிச்சம். கையைத் திரையருகே கொண்டுபோனால் முடி சிலிர்க்கும்; அனோட் வோல்ட்டேஜ் வந்துவிட்டது என்று பொருள். ஹீட்டர் எல்ஓடியிலிருந்தே ஓடுவதால், அது எரிந்தால் லைன் பகுதி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஹீட்டர் வோல்ட்டேஜை சாதாரண மீட்டரில் அளந்து 6.3 வரவில்லையே என்று அலையவேண்டாம். 15,700 ஹெர்ட்ஸ் துடிப்பை அது சரியாகக் காட்டாது.

பி-பிளஸ் சரி, ஹீட்டர் இல்லை என்றால் லைன் ஆசிலேட்டரிலோ டிரைவரிலோ கோளாறு. 'டிக்... டிக்...' என்று துடித்து நின்றால் எல்ஓடி அல்லது அதன் துணை டையோடுகளில் ஷார்ட். ஹீட்டர் உண்டு, திரை இருட்டு என்றால் ஸ்கிரீனை மெல்ல ஏற்றுங்கள். சாய்ந்த மெல்லிய கோடுகள் தெரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

நிறமும் நேர்த்தியும்

ஒரே நிறம் முழுத் திரையையும் நிரப்பி, சாய்ந்த கோடுகளோடு பளிச்சென்று எரிந்தால் நெக் போர்டில் அந்த நிறத்தின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். ஒரு நிறம் மட்டும் இல்லையென்றால் அந்த டிரான்சிஸ்டர் திறந்திருக்கலாம், அல்லது சாக்கெட்டில் டிரை சால்டர். மூன்று டிரான்சிஸ்டர்களின் கலெக்டர் வோல்ட்டேஜையும் ஒப்பிட்டால் வேறுபடும் ஒன்று தானே காட்டிக்கொடுக்கும். டிரான்சிஸ்டர் நல்லது, நிறம் அப்படியே கொட்டுகிறது என்றால் ட்யூபுக்குள் ஹீட்டரும் கேத்தோடும் ஒட்டியிருக்கலாம். அணைத்த நிலையில் ஆறியபின் சாக்கெட்டைக் கழற்றி, ட்யூபின் ஹீட்டர் காலுக்கும் அந்தக் கேத்தோடு காலுக்கும் ஓம் மீட்டர் வையுங்கள்; எதுவும் காட்டக்கூடாது.

நெக் போர்டில் மூன்று கட்-ஆஃப் பிரிசெட், இரண்டு டிரைவ் பிரிசெட். கேமின் டெஸ்ட் மோடில் வரும் கட்டக் கோடுகளை வைத்துச் சரிசெய்வது எளிது. முதலில் இருண்ட பகுதி: கட்-ஆஃப்களைத் திருகி, கறுப்பில் எந்த நிறமும் சாயாமல் செய்யுங்கள். பிறகு வெள்ளைப் பகுதியை டிரைவ்களால் வெண்மையாக்குங்கள். ஒன்று மற்றதைச் சற்று இழுக்கும். இரண்டு மூன்று முறை மாறிமாறிப் போகவேண்டியிருக்கும். அரைமணி ஓடிச் சூடான பிறகே இதைச் செய்யுங்கள்.

யோக்கையும் கழுத்தின் காந்த வளையங்களையும், வேறு ட்யூப் மாற்றினாலொழியத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டுமானால் முன்பு இருந்த இடத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வரிசை: முதலில் சிவப்பு மட்டும் ஓடவிட்டு இரட்டை வளையத்தாலும் யோக்கை முன்பின் நகர்த்தியும் திரை முழுக்கச் சுத்தமான சிவப்பு வரச்செய்வது, பிறகு நாலு துருவ வளையங்களால் சிவப்பையும் நீலத்தையும் ஒன்றாக்குவது, கடைசியில் ஆறு துருவ வளையங்களால் அந்தச் சேர்க்கையைப் பச்சைமேல் கொண்டுவருவது. ஓரங்களை யோக்கைச் சாய்த்து ரப்பர் ஆப்பு வைத்துப் பிடிக்கவேண்டும். பொறுமை கேட்கும் வேலை. ஒரு மாலையை ஒதுக்குங்கள்.

பழைய படம் பதிந்துபோன ட்யூபை எந்த மின்வேலையும் திருத்தாது. வேறு ட்யூப் தேடினால் கழுத்தின் தடிமன், சாக்கெட்டின் கால் அமைப்பு, ஹீட்டர் வோல்ட்டேஜ், திசைதிருப்பும் கோணம் நான்கும் ஒத்திருக்கவேண்டும். டி.வி. ட்யூபை அதன் யோக்கோடு மாட்ட விரும்பினால், அந்த யோக்கின் கிடைச் சுற்றும் செங்குத்துச் சுற்றும் பழைய யோக்கின் ஓம் அளவுக்கு அருகே வருகின்றனவா என்று அளந்து பாருங்கள். கிடைச் சுற்று வெகுவாக வேறுபட்டால் லைன் டிரான்சிஸ்டர்தான் விலை கொடுக்கும்.

டீகாஸ் பிளக்கைத் திரும்ப மாட்டி, இரண்டு மணி நேரம் கேமோடு ஓடவிடுங்கள். இடையில் ஒருமுறை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஃபில்ட்டரின் வோல்ட்டேஜ் இறங்கியதை மீட்டரில் பார்த்தபின் லைன் டிரான்சிஸ்டரின் ஹீட்சிங்கைத் தொடுங்கள்: சில நொடி விரலை வைக்கமுடியும் சூடு சரி, உடனே இழுத்துக்கொள்ளவேண்டியிருந்தால் டிரைவர் கெபாசிட்டரையும் யோக்கையும் மறுபடி பாருங்கள். முடிவில் பி-பிளஸை இன்னொருமுறை அளந்து, ஆரம்பத்தில் இருந்த அதே எண் நின்றால் கேபினட்டில் ஏற்றலாம்.